நீ குடித்திருக்கவில்லை, தம்பி

என் ஆசைத் தம்பி குகனுக்கு,

உன் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டார்கள். இப்படியான மலர்களில் என்ன எழுதுவார்கள் என்று உனக்குத் தெரியும்தானே. பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், எல்லோருக்கும் நல்லவர், எப்போதும் சிரித்த முகம். நானும் அப்படி ஒரு பக்கம் எழுதினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதைத் தொடங்கியிருக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா அழுக்கில் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீ குடித்திருக்கவில்லை.

குடித்திருந்தாய் என்று சொன்னவள் நான். உன் முகத்துக்கு நேரே சொன்னேன். அன்றைக்கே உன் மகள் மாதுமைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று மண்டபத்துக் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் சொன்னேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேராவது அதை என் வாயாலோ, என்னிடம் கேட்டவர்களின் வாயாலோ கேட்டிருப்பார்கள். அது பொய். பொய் என்று தெரியாமல்தான் சொன்னேன். ஆனால் உண்மை என்னவென்று அறிய நான் ஒரு அடியும் எடுத்து வைக்கவில்லை.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பாரிசவாதம் வந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு இல்லை. ஒஸ்லோவில், ஸ்தோவ்னரில் என் வீட்டில் கட்டிலோடு கிடந்தார். காலையும் மாலையும் நகரசபைத் தாதிகள் வந்து கழுவித் துடைத்துவிட்டுப் போவார்கள். இடைப்பட்ட நேரம் எங்கள் பொறுப்பு. முதியோர் இல்லத்தில் எனக்கு இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு பகல் வேலை. அந்த ஞாயிறுகளில் நீ பக்கத்துப் பட்டினமான திராமனில் இருந்து ரயில் ஏறி வந்து அப்பாவோடு இருப்பாய்.

"சும்மா சும்மா திறந்து பாக்காதை, அவருக்கு வெக்கம். மணந்தா மட்டும் மாத்து" என்று உனக்குச் சொல்லி வைத்ததும் நான்தான். மகனுக்கு முன்னால் அப்படிக் கிடக்க அப்பா கூசினார். நீ போர்வையில் கை வைத்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

அன்று நாலு மணிக்குக் கதவைத் திறந்தபோதே வாசல் வரைக்கும் நாற்றம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் நீ அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். அப்பாவின் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. போர்வையை விலக்கினேன். எல்லாம் காய்ந்து போயிருந்தது. தோல் உரிந்து சிவந்திருந்தது.

"உனக்கென்ன மூக்குச் செத்துப் போச்சோ?" என்று கத்தினேன்.

நீ பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தாய். உன்னைத் தள்ளிவிட்டு அப்பாவைத் திருப்பினேன். தள்ளும்போது உன் சட்டையில் வைன் மணந்தது.

"குடிச்சுப்போட்டு வந்திருக்கிறாய்."

"இல்லை அக்கா. காலமை வேலையில வைன் ருசி பாத்தனாங்கள். சட்டையில ஊத்துப்பட்டிட்டுது. நான் குடிக்கேல்லை."

"அப்ப ஏன் உனக்குத் தெரியேல்லை?"

நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீ வாய் திறக்காமல் நின்றதை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஆறு கிழமையில் அப்பா போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. புண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை, புண் ஆறிவிட்டது என்று டொக்டர் எனக்கு விளங்கச் சொன்னார். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அப்பா போனதற்கு யாரையாவது பிடித்துக் கோபிக்க வேண்டும்போல இருந்தது. அதற்கு நீ வசதியாகக் கிடைத்தாய். கொள்ளி வைத்த உன்னோடு அன்றும் நான் கதைக்கவில்லை. பிறகு ஐந்து மாதம் கதைக்கவில்லை. ஒரு நாள் நீ வேலைக்கு வரவில்லை என்று நீ வேலை செய்த உணவகத்தில் இருந்து உன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். திராமனில் நீ தனியாக இருந்த வீட்டுக் குசினியில் விழுந்து கிடந்தாய். மாரடைப்பு என்றார்கள்.

எனக்கு மொலீசே என்ற பெயரைச் சொன்னது உன்னோடு வேலை செய்த மாரித். நீ போய் நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும் உணவகத்து ஆட்களை நீ ஒரு வைன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவாயாம். இந்த முறை இத்தாலியில் மொலீசே. திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு எழுதி, நாள் குறித்து, எல்லாவற்றையும் நீயே ஒழுங்கு செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

"குகனுடைய இடத்தில் வேறு யாரையும் கூட்டிக்கொண்டு போக எங்களுக்கு மனம் இல்லை. மகளைக் கேட்டோம், மறுத்துவிட்டாள். நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டாள்.

நான் ஏன் ஓம் என்றேன் தெரியுமா? உன் மேல் பாசத்தில் அல்ல. கோப்பை கழுவப் போனவன் வைன் ஊற்றுகிறவனாகி, இந்தச் சாப்பாட்டுக்கு இந்த வைன் என்று பெரிய மனிதர்களுக்கு எடுத்துச் சொல்கிறவனாகி, அப்பா "சாராயம் வாக்கிற வேலை" என்று முகம் சுழித்தும் விடாமல் அதிலேயே கிடந்தாயே. எங்களை விட உன்னை இழுத்த அந்தச் சாமான் என்னவென்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. கோபத்தோடுதான் விமானம் ஏறினேன்.

ரோமில் இறங்கி, வாடகைக்கு எடுத்த ஒரு வான் வண்டியில் மூன்று மணித்தியாலம் போனோம். நாங்கள் ஆறு பேர். மலைக்கு மேல் மலையாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மலையின் உச்சியிலும் தேன்கூடு மாதிரி ஒரு ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது. ரோமில் வானை வாடகைக்குத் தந்தவன் நாங்கள் போகிற இடத்தைக் கேட்டுச் சிரித்தான். மொலீசே என்று ஒன்று இல்லவே இல்லை என்று இத்தாலிக்காரர்களே பகிடி விடுவார்களாம். அவ்வளவுக்கு ஒருவரும் எட்டிப் பாராத மூலை. சுற்றுலாப் பஸ் ஒன்றைக்கூட நான் காணவில்லை. மத்தியானம் தெர்மோலி என்ற கடற்கரைப் பட்டினத்தில் சாப்பிட்டோம். அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு மரக்கறி நாள். சாப்பாட்டுக் கடைக்காரி என் சாப்பாட்டுக் கோப்பையில் உருக்கின பாற்கட்டியும் கீரையும் வைத்துவிட்டு, மீன் சாப்பிடாமல் கடலுக்கு ஏன் வந்தாய் என்று கையாலேயே கேட்டாள்.

முதல் தோட்டம் கடலுக்குக் கிட்ட, வெள்ளை வைன் செய்கிற இடம். நீளமான மேசையில் கிளாசுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி. அது எதற்கு என்று கேட்டேன்.

"துப்புவதற்கு" என்றாள் மாரித். "முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். பிறகு மணக்க வேண்டும். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிவிட்டுத் துப்ப வேண்டும். விழுங்கினால் மூன்றாவது கிளாசிலேயே நாக்கு மரத்துவிடும். குகன் ஒரு சொட்டும் விழுங்கமாட்டார். எங்களையும் விழுங்க விடமாட்டார்."

ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் மதுவை நாக்கில் வைத்தறியாதவள் நான். அன்றைக்கும் வைக்கவில்லை. கிளாசைத் தூக்கி மணந்து மட்டும் பார்த்தேன். தோடம்பழத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசனை வந்தது. சொன்னேன். இரண்டாவதில் ஈரக் கல். மூன்றாவதில் தேன். மாரித் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"உங்களுக்கும் குகனின் மூக்கு" என்றாள்.

எனக்கு அதில் அதிசயமில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் மூக்கால்தான் வேலை செய்கிறேன். முதியோர் இல்லத்தில் ஒரு அறைக் கதவைத் திறந்த உடனே யாருக்குச் சிறுநீரில் கிருமி, யார் சாப்பாட்டைக் கட்டிலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அன்று பின்னேரம் மட்டும் எங்கள் ஆட்கள் பதினாலு வைன் ருசி பார்த்தார்கள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் வாளிக்குள் போயிற்று. ஒருவருடைய கால்கூடத் தடுமாறவில்லை. ஆனால் எல்லோருடைய சட்டையிலும் வைன் மணந்தது.

அங்கேதான் முதல் முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது, தம்பி. "நான் குடிக்கேல்லை" என்று நீ சொன்னாயே. அது உண்மையாக இருந்தால்? உண்மையென்றால் பிறகு ஏன் உனக்குத் தெரியாமல் போனது? வேண்டுமென்றே விட்டாயா? அப்பாவைத் தொட உனக்கு அருவருப்பாக இருந்ததா? ஹோட்டல் அறையில் கட்டிலில் இருந்துகொண்டு இதைத்தான் யோசித்தேன். குடிகாரன் என்று நினைத்ததைவிட இது எனக்கு இன்னும் கூடாததாக இருந்தது.

அடுத்த நாள் காலை கம்போபாஸ்ஸோ நகரத்துக்கு அப்பால் மலைக்குள் போனோம். அங்கே தின்தீலியா என்று ஒரு கறுத்த திராட்சை. அந்தப் பக்கத்தைத் தவிர வேறிடத்தில் அதை அவ்வளவாகக் காண முடியாதாம். தோட்டக்காரியின் பெயர் அசுந்தா. அறுபது தாண்டியவர், புருஷன் இல்லை, தோட்டத்தைத் தனியாகப் பார்க்கிறார். சின்ன வயதில் பத்து வருடம் ரொறன்ரோவில் இருந்ததால் ஆங்கிலம் நன்றாகப் பேசினார். வானில் இருந்து நான் இறங்கிய உடனே நேரே என்னிடம் வந்து, "நீங்கள்தானே வசந்தி?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன்.

நிலத்துக்குக் கீழே கல்லால் கட்டின அறை. குளிராக இருந்தது. அசுந்தா கிளாசில் ஊற்றின வைன் மை மாதிரிக் கறுப்பு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"மிளகு" என்றேன், என்னை அறியாமல் தமிழில். பிறகு நோர்வேஜிய மொழியில் சொன்னேன். பச்சை மிளகு இல்லை, வெறும் சட்டியில் வறுத்த மிளகு. அதற்குப் பின்னால் நாவற்பழம்.

மாரித் கை தட்டினாள். "வறுத்த மிளகு! குகனும் இதற்கு அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்!"

அசுந்தா கை தட்டவில்லை. போத்தலை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மற்றவர்கள் அடுத்த வைனுக்குப் போனபோது, கொடிகளைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்தின் விளிம்பில் ஒரு கல்மதில் இருந்தது. அதில் இருந்தோம்.

"முதல் முறை வந்தபோது குகனும் உங்களைப் போலவே உடனே சொன்னார். வறுத்த மிளகு என்று. அப்போது அவருடைய மூக்கு சரியாக இருந்தது" என்றார்.

"அப்போது என்றால்?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "உங்களுக்கு இன்னும் தெரியாதா? அவர் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?"

இரண்டாம் முறை நீ தனியாக அங்கே போயிருக்கிறாய். மத்தியானச் சாப்பாட்டுக்கு அசுந்தா ஒரு போத்தல் திறந்து, மணந்து பாராமல் உனக்கு ஊற்றியிருக்கிறார். நீ கிளாசைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "வறுத்த மிளகு, கறுத்த பழம்" என்றாயாம். பிறகுதான் அவர் தன்னுடைய கிளாசைத் தூக்கினாராம். தக்கை பழுதாகி வைன் கெட்டுப் போயிருந்தது. மழையில் நனைந்த கடதாசி மட்டை அழுகின நாற்றம்.

"ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த நாற்றம் தெரிந்திருக்கும்" என்றார் அசுந்தா. "நான் அவரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. கிளாசை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். காய்ச்சல் வந்து போனபோது மணமும் போய்விட்டது, ஒரு வருடத்துக்கு மேலாகிறது, திரும்பி வரவில்லை என்றார். ஒருவருக்கும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டார். நான் சத்தியம் பண்ணினேன்."

உறைப்பும் புளிப்பும் துவர்ப்பும் நாக்குக்குத் தெரியும். நிறம் கண்ணுக்குத் தெரியும். மற்ற எல்லாவற்றையும் நீ நினைவில் இருந்து சொன்னாயாம். புது வைன் வந்தால் மாரித்தை முதலில் மணக்கச் சொல்லுவாயாம், பழக்குகிற மாதிரி. அவள் சொல்லுவதைக் கேட்டு உன் சொல்லைச் சேர்ப்பாயாம்.

பிறகு அசுந்தா அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னார். என் வீட்டில் நடந்ததை, தம்பி, என் பெயர்கூட ஒழுங்காகச் சொல்ல வராத ஒரு பெண் எனக்குச் சொன்னார். அன்று பின்னேரம் திராமன் ரயிலில் இருந்துகொண்டு அவருக்குப் போன் எடுத்தாயாம். "அப்பா அழுதவர். நான் செய்தியைக் கேட்டு அழுகிறார் எண்டு நினைச்சன். நிப்பாட்டாமல் வாசிச்சுக்கொண்டிருந்தன்" என்றாயாம்.

"அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள் என்றேன்" என்றார் அசுந்தா. "அதற்கு அவர், அக்காவுக்குச் சொன்னால் மகளுக்குப் போகும், மகளுக்குப் போனால் ஊருக்குப் போகும், வேலை போய்விடும் என்றார். குடித்தேன் என்று நினைத்தால் அக்கா ஒரு வருடம் கோபமாக இருப்பாள், பிறகு மறந்துவிடுவாள் என்றார்."

ஒரு வருடம். என்னைப் பற்றி நீ போட்டு வைத்திருந்த மதிப்பு அவ்வளவு. நீ சொன்ன அந்த ஒரு வருடம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

மதிலிலேயே இருந்தேன். எத்தனை விஷயம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கடைசி இரண்டு வருடம் என் வீட்டுக்கு வந்தால் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாய். என் சமையலில் உறைப்பில்லை என்று குத்திக்காட்டுகிறாய் என்று எரிச்சல்பட்டேன். உனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது போல. ஒரு பொங்கலுக்குப் பொங்கின புக்கை அடிப்பிடித்து வீடு முழுக்கக் கருகல் மணம். மாதுமை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நீ மட்டும் "நல்லாயிருக்கு அக்கா" என்று இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாய். எவ்வளவு நல்லவன் என்று நினைத்தேனே தவிர, என்னவென்று கேட்கவில்லை. மூக்கால் பிழைக்கிற எனக்கு இது பிடிபடாமல் போனது எப்படி?

உன்னிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கோபிக்காதே. ஒரு வசனம்தானே குகன்? "அக்கா, எனக்கு மணக்காது." அதைச் சொல்ல உனக்கு மொலீசே வரைக்கும் ஆள் தேட வேண்டியிருந்ததா? அப்பாவைப் பார்க்க வருகிறதுக்கு முன்னமாவது சொல்லியிருக்கலாமே. மணிக்கூட்டைப் பார்த்து மாற்று என்று சொல்லியிருப்பேனே. நான் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்றும் தெரியும். உனக்குச் சொன்னால் நீ ரகசியமாக வைத்திருப்பாயா அக்கா என்று கேட்டிருப்பாய்.

அறைக்குள் திரும்பிப் போனபோது என் கிளாஸ் அப்படியே இருந்தது. மாரித் வாளியை எனக்குக் கிட்ட நகர்த்தினாள். நான் ஒரு வாய் எடுத்தேன். அதிகம் ஊறின தேயிலைச் சாயத் தண்ணி மாதிரிக் கைத்தது, தொண்டை சுட்டது. துப்பவில்லை. மண்டபத்தில் இதை வாசிக்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி மூன்றாம் நாள் மாரித்துக்குச் சொன்னேன். இதை எழுதுவதென்றால் அவளுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "அப்படியென்றால் எனக்குப் பழக்கினதெல்லாம் நடிப்பா? இரண்டு வருடம் நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாள். இரண்டு கிழமை என் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு வரி அனுப்பினாள்: "என்னிடம் சொல்லியிருந்தால் நான் மறைத்திருப்பேன்." அது உன் மேல் கோபமா, தன் மேல் கோபமா, எனக்குத் தெரியவில்லை.

மாதுமைக்குப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் பொய்யைப் போனில்தானே சொன்னேன். ஸ்தவாங்கருக்கு ரயிலில் போனேன், நாள் முழுக்கப் பயணம். படிப்பை முடித்து அங்கே ஒரு கொம்பனியில் சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்குள் இரண்டு கதிரைதான். ஒன்றில் என்னை இருத்தினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிந்ததும் அவள் எழும்பிப்போய், கழுவின கோப்பைகளைத் திரும்பவும் கழுவினாள்.

"அப்பா அஞ்சு மாசம் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்தவர், மாமி" என்றாள் திரும்பிப் பாராமல். "நான் எடுக்கேல்லை. குடிச்சுப்போட்டு அப்பப்பாவை அப்பிடி விட்டவரோட எனக்கென்ன கதை எண்டு இருந்தனான்."

"என்ர பிழை பிள்ளை."

"ஓம். உங்கட பிழை" என்றாள். "என்ர பிழையும்தான். நான் அவரைக் கேட்டிருக்கலாம். ஆனா நீங்கள் அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்கள்."

யன்னலுக்கு வெளியே மழை. என்னை ஆறுதல்படுத்த அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துப் போகவும் இல்லை என்று சொல்ல ஆசை. எதிர்பார்த்துத்தான் போனேன்.

கடைசியில் நினைவு மலரைப் பற்றிக் கேட்டேன். "உன்ர அப்பா, செத்தாலும் சொல்லமாட்டன் எண்டு வச்சிருந்த ரகசியம் பிள்ளை. குடிகாரன் எண்ட பேரைத் துடைக்கப்போய் இதை அம்பலப்படுத்தினா அவருக்குப் பிடிக்குமோ? வைன்காரனுக்கு மணமே இல்லை எண்டு சனம் சிரிக்காதோ?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். உன்னைப் போலவே, பதில் சொல்ல முதல் உதட்டைக் கடிக்கிறாள்.

"அவர் மறைச்சது வேலைக்காக, மாமி. இனி அவருக்கு வேலை இல்லை" என்றாள். "எழுதுங்கோ. ஆனா எழுதினாப் போதாது. மலரைச் சனம் கதிரைக்குக் கீழ வச்சிட்டுச் சாப்பிடப் போயிடும். நீங்கள் வாயால சொன்னது. வாயால சொல்லுங்கோ. நான் வருவன், பின்னால நிப்பன். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

ரயிலடிக்கு அவள் வரவில்லை. குடையை மட்டும் தந்து விட்டாள்.

உனக்குப் பிடிக்காமலும் இருக்கலாம், குகன். நீ மானத்தை வைத்திருந்த இடம் வேறு, நான் அதைத் தேடின இடம் வேறு. உன் சம்மதத்தைக் கேட்க இனி வழியில்லை. உன் மகளின் சம்மதத்தோடு செய்கிறேன். பிழை என்றால் இதையும் என் கணக்கில் எழுதிக்கொள்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து, பந்திக்கு இலை போடுவதற்கு முன், நான் ஒலிவாங்கியை வாங்குவேன். இந்தக் கடிதத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். குரல் உடைந்தால் நின்று, தண்ணீர் குடித்து, திரும்பவும் வாசிப்பேன். அந்தியேட்டியன்று என்னோடு மரக்கறி வெட்டினவர்களை முன்வரிசையில் இருத்தச் சொல்லியிருக்கிறேன். மாதுமை பின்னால் நிற்பாள். அவள் வாய் திறக்க வேண்டிய தேவை வராது. இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்புச் சொன்ன,
உன் கூடப்பிறந்த அக்கா
வசந்தி